ஸ்கீன்ஸுக்கு அடுத்து யார்? இளம் பிட்சர்களை நான் வரிசைப்படுத்தும் விதம்

கேள்வி இது: "2025 சீசனில்தான் பேஸ்பால் பார்க்கத் தொடங்கினேன். ஸ்கீன்ஸ், மிசியோரோவ்ஸ்கி, சசாகி, யெசாவேஜ், பர்ன்ஸ், மெக்லீன், பெயின்டர் என்று ஏழு இளம் பிட்சர்களின் பெயர் அடிக்கடி காதில் விழுகிறது. இவர்களில் யார் முந்தி, யார் பிந்தி? எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? கிரிக்கெட் எனக்கு நன்றாகத் தெரியும், அதை வைத்து விளக்கினால் புரியும்."

முதல் வேலையாக பால் ஸ்கீன்ஸைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவோம். 2025இல் வயது 23தான், ஆனால் அவரை இனி "நல்லா வருவான்" என்ற கணக்கில் வைக்க முடியாது, ஏற்கெனவே வந்துவிட்டார். 2024இல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸுக்கு வந்த வருடம் இஆர்ஏ 1.96, சிறந்த புதுமுகம் விருது. அடுத்த வருடம் 187 இன்னிங்ஸுக்கு மேல் வீசி இஆர்ஏ 1.97, 216 ஸ்ட்ரைக் அவுட், ஒருமனதாக சை யங் விருது, அதாவது லீகின் சிறந்த பிட்சருக்கான விருது. (பிட்சர் என்றால் நம்மூர் பவுலர் மாதிரி. மூன்று பேர் அவுட் ஆகும்வரை ஒரு இன்னிங்ஸ், மாட்சுக்கு ஒவ்வொரு அணிக்கும் ஒன்பது. ஸ்ட்ரைக் அவுட் என்றால் மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை அனுப்பிவிடுவது. இஆர்ஏ என்றால் 9 இன்னிங்ஸுக்கு, ஃபீல்டர்களின் பிழையால் வந்ததை விட்டுவிட்டு, எத்தனை ரன் கொடுக்கிறார் என்பது. 4 என்றால் சராசரி, 3 நல்லது, 2க்குக் கீழே என்றால் பேட்டர்களுக்குத் தலைவலி.) அதே 2025இல் அவருடைய வெற்றி தோல்விக் கணக்கு 10-10. இவர் ரன்னே கொடுக்காமல் வீசினாலும் அணி ரன் எடுக்காவிட்டால் என்ன செய்வது? எந்த பிட்சரையாவது "இத்தனை மாட்ச் ஜெயித்தான்" என்று யாராவது உங்களிடம் அளந்தால் இந்த 10-10ஐக் காட்டுங்கள்.

ஒரே ஒரு மாட்சைப் பார்த்து வரிசை போடுகிறவர்களிடமும் கவனமாக இருங்கள். 2025 ஜூன் 25, மில்வாக்கி. ஒரு பக்கம் ஸ்கீன்ஸ், மறுபக்கம் வந்து இரண்டு வாரமே ஆன ஜேக்கப் மிசியோரோவ்ஸ்கி. பையன் 5 இன்னிங்ஸ், ரன் எதுவும் கொடுக்கவில்லை, 8 ஸ்ட்ரைக் அவுட். ஸ்கீன்ஸ் 4 இன்னிங்ஸில் 4 ரன் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். அன்று ராத்திரி வரிசை கேட்டிருந்தால் பாதிப் பேர் மிசியோரோவ்ஸ்கியை மேலே வைத்திருப்பார்கள். சீசன் முடிந்தபோது ஒருவர் 1.97, மற்றவர் 4.36.

இதைவிட நல்ல உதாரணம் 2023 கல்லூரி உலகத் தொடரில் இருக்கிறது. எல்எஸ்யூ (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) அணிக்கு ஸ்கீன்ஸ், வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்துக்கு ரெட் லவ்டர். ஸ்கீன்ஸ் 8 இன்னிங்ஸ், லவ்டர் 7, இருவரும் ரன் கொடுக்கவில்லை. ஆட்டம் 0-0 என்றே போய் 11வது இன்னிங்ஸில் எல்எஸ்யூவின் ஒரு ஹோம் ரன்னில் முடிந்தது. அன்று பார்த்தவர் யாரும் இருவருக்கும் இடையில் பெரிய தூரம் இருப்பதாகச் சொல்லியிருக்க மாட்டார். லவ்டர் 2024இல் சின்சினாட்டிக்கு 6 மாட்ச் வீசி 1.17 இஆர்ஏவும் வைத்தார். அடுத்த வருடம் முழுக்கக் காயம், ஒரு மாட்ச்கூட மேஜர் லீகில், அதாவது உச்ச மட்டத்தில், ஆடவில்லை. திறமையை அளப்பது பாதி வேலைதான். அந்தக் கை எத்தனை வருடம் தாங்கும் என்பது மீதிப் பாதி.

இப்போது எதைப் பார்ப்பது என்பதற்கு வருகிறேன்.

ஸ்கவுட்டுகள், அதாவது அணிகளுக்காக இளம் திறமையைத் தேடுகிறவர்கள், 20 முதல் 80 வரை மார்க் போடுவார்கள். 50 என்றால் மேஜர் லீக் சராசரி, 80 என்றால் தலைமுறைக்கு ஒரு சிலர். ஃபாஸ்ட்பாலுக்கு ஒரு மார்க், பக்கவாட்டில் விலகும் ஸ்லைடருக்கு ஒன்று, வேகம் குறைத்து ஏமாற்றும் சேஞ்சப்புக்கு ஒன்று, கட்டுப்பாட்டுக்கு ஒன்று. புதிதாகப் பார்க்கிறவர்கள் மாட்டிக்கொள்வது முதல் மார்க்கில். திரையில் 101 மைல் என்று எண் மின்னும்போது கண் அங்கேயே ஒட்டிக்கொள்கிறது. மேஜர் லீக் சராசரியே இன்று 94 மைல், அதாவது மணிக்கு 151 கிலோமீட்டர். கிரிக்கெட்டில் 150ஐத் தொட்டால் தலைப்புச் செய்தி. இங்கே அது வேலைக்கு விண்ணப்பிக்கத் தேவையான குறைந்தபட்சத் தகுதி. ஆகவே வேகத்தை நான் கடைசியில்தான் பார்ப்பேன்.

முதலில் பார்ப்பது கேட்சரின், அதாவது விக்கெட் கீப்பர் மாதிரி பேட்டருக்குப் பின்னால் உட்காருகிறவரின், கையுறை. அடுத்த மாட்சில் பந்தை விட்டுவிட்டு அதையே பாருங்கள். பிட்சர் கையைத் தூக்குவதற்கு முன் கேட்சர் ஒரு மூலையில் கையுறையைக் காட்டுவார், வெளிப்பக்கம் முழங்கால் உயரம் என்று வையுங்கள். பந்து வந்து விழும்போது கையுறை அப்படியே நின்ற இடத்தில் "டப்" என்று மூடினால் அந்தப் பையனுக்கு லைன் அண்ட் லெங்த் இருக்கிறது. கையுறை உடம்பைத் தாண்டி உள்பக்கம் பாய்ந்து பிடிக்கிறதென்றால், அம்பயர் ஸ்ட்ரைக் என்றே சொன்னாலும் அது அதிர்ஷ்டம். பந்தை ஸ்ட்ரைக் பெட்டிக்குள் எங்காவது போடுவது ஒரு திறமை, நினைத்த மூலையில் போடுவது வேறு திறமை. இரண்டாவது இருப்பவர்கள் வேகம் போன பிறகும் பத்து வருடம் பிழைப்பார்கள்.

எண்ணாக வேண்டுமென்றால் வாக் கணக்கைப் பாருங்கள். நான்கு பந்து வெளியே போட்டால் பேட்டர் மட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு சும்மா முதல் பேஸுக்கு நடந்து போவார், நம்மூர் வைடு மாதிரி, ஆனால் அபராதம் பெரியது. 2025இல் 9 இன்னிங்ஸுக்கு ஸ்கீன்ஸ் கொடுத்தது 2 வாக். மெக்லீன் 3, பர்ன்ஸ் மூன்றேகால் சொச்சம், மிசியோரோவ்ஸ்கி 4க்கு மேல், சசாகி ஐந்தரைக்குப் பக்கத்தில். என் வரிசையும் கிட்டத்தட்ட இதேதான் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்தது மூன்றாவது பந்து. மாட்சைத் தொடங்கும் ஸ்டார்ட்டிங் பிட்சர் ஒரே பேட்டரை ஒரு மாட்சில் இரண்டு, மூன்று முறை சந்திப்பார். முதல் முறை 99 மைல் ஃபாஸ்ட்பாலும் ஒரு ஸ்லைடரும் போதும். மூன்றாம் முறை வரும்போது பேட்டருக்கு இரண்டும் மனப்பாடம். அப்போது கையில் இன்னொன்று இருக்கவேண்டும். யார்க்கரும் பவுன்சரும் மட்டும் வைத்திருக்கும் பவுலர் டி20யில் நான்கு ஓவருக்கு ராஜா, டெஸ்டில் மாலை செஷனில் தவிப்பார் இல்லையா, அதுதான். இரண்டு பந்து மட்டும் உள்ளவர்கள் பெரும்பாலும் புல்பென்னுக்கு, அதாவது நடுவில் இறக்கும் மாற்று பிட்சர்களின் கூட்டத்துக்குப் போய் ஒரு இன்னிங்ஸ் ஆள் ஆகிவிடுவார்கள். ஸ்கீன்ஸ் கல்லூரியில் ஃபாஸ்ட்பாலையும் ஸ்லைடரையும் வைத்தே எல்லாரையும் சாய்த்தார். ஆனாலும் 2023 டிராஃப்டுக்குப் பிறகு, அதாவது அணிகள் முறைவைத்துப் புதியவர்களை எடுத்த பிறகு, கீழே இறங்கும் சிங்கரும் ஸ்ப்ளிட்டரும் கலந்த ஒரு பந்தைச் சேர்த்துக்கொண்டார், "ஸ்ப்ளிங்கர்" என்று அதற்குப் பெயர். 94 மைல் வேகத்தில் வந்து கடைசி நொடியில் குழிக்குள் இறங்கும். மூட்டை நிறைய பணம் வாங்கிய பிறகும் புதுப் பந்து கற்கிறவரை நம்பலாம்.

அதற்கடுத்து முழங்கை. கிரிக்கெட்டில் கையை 15 டிகிரிக்கு மேல் நிமிர்த்தினால் "த்ரோ" என்று நிறுத்திவிடுவார்கள். பிட்சருக்கு அந்த மடக்கலும் விசிறலும்தான் தொழிலே. கை பின்னால் வளைந்து சாட்டைபோல முன்னால் வரும் அந்தக் கணத்தில் முழங்கையின் உள்பக்கத் தசைநார் இழுபடுகிறது. ஒருநாள் அறுந்துபோகும். 1974இல் டாமி ஜான் என்ற இடது கை பிட்சருக்கு டாக்டர் ஃபிராங்க் ஜோப் வலது கையிலிருந்து தசைநார் எடுத்து வைத்துத் தைத்தார். அவர் மறுபடி வந்து மேலும் 164 மாட்ச் ஜெயித்தார், அறுவைக்கே அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. இன்று அது பிட்சர்களுக்கு அம்மை போட்ட தழும்பு மாதிரி. ஆனால் எல்லாரும் பழையபடி திரும்புவதில்லை. ஸ்பென்சர் ஸ்டிரைடர் 2023இல் 281 ஸ்ட்ரைக் அவுட் எடுத்தார், அடுத்த ஏப்ரலில் முழங்கை அறுவை, 2025இல் திரும்பியபோது வேகம் இறங்கி இஆர்ஏ 4ஐத் தாண்டிவிட்டது. கொஞ்சம் பழைய கதை வேண்டுமென்றால் மார்க் பிரையர்: 2003இல் 22 வயதில் 18 வெற்றி, 245 ஸ்ட்ரைக் அவுட், "இவனைப்போல இழுப்பில்லாமல் வீசுகிறவன் கிடையாது" என்று எல்லாரும் சத்தியம் செய்தார்கள். 25 வயதில் கடைசி மேஜர் லீக் மாட்ச். "பிட்சிங் பிராஸ்பெக்ட் என்று ஒரு பிராணியே கிடையாது" என்று அங்கே ஒரு பழைய கிண்டல் உண்டு, பிராஸ்பெக்ட் என்றால் நாளைய நட்சத்திரம் என்று நம்பப்படுகிறவர். வேடிக்கையாகச் சொன்னாலும் அனுபவப்பட்டவர்கள் சொன்னது.

இனி என் வரிசை, 2025 சீசன் வரை பார்த்ததை வைத்து.

முதலில் நோலன் மெக்லீன். இங்கேயே பாதிப் பேர் சண்டைக்கு வருவார்கள், 2025இல் வயது 24, டிராஃப்டில் மூன்றாம் சுற்றில் எடுக்கப்பட்டவர், கல்லூரியில் பாதி நேரம் பேட்டர், நியூயார்க் மெட்ஸ் அணி எடுத்த பிறகும் சிறிது காலம் மட்டை பிடித்தவர். எனக்கு அதுவே பிடித்திருக்கிறது. கை இன்னும் முழுக்கத் தேயவில்லை. 2025 ஆகஸ்ட் நடுவில் வந்து 8 மாட்ச், 48 இன்னிங்ஸ், 57 ஸ்ட்ரைக் அவுட், இஆர்ஏ 2.06. ஐந்தாறு வகைப் பந்து வைத்திருக்கிறார், அவருடைய கர்வ்பால் சுழலுவதைப் பார்த்தால் பம்பரம் ஞாபகம் வரும். ஒரு பந்து அன்று சரியாக வராவிட்டால் இன்னொன்றுக்கு மாறிக்கொள்ள இடம் இருக்கிறது. முதல் மாட்சிலேயே தன்னை நோக்கி அடிக்கப்பட்ட பந்தை முதுகுக்குப் பின்னால் கையை விட்டுப் பிடித்து டபுள் ப்ளே (ஒரே பந்தில் இரண்டு அவுட்) ஆக்கினார். அதற்கு மார்க் கிடையாது, ஆனால் நல்ல ஆட்டக்காரன் என்று தெரியும்.

இரண்டாவது ட்ரே யெசாவேஜ். எல்லாருக்கும் பிடித்த கதை. 2025 ஏப்ரலில் டொரன்டோவின் மைனர் லீக் (கீழ்நிலை லீக்) அணிகளில் அடிமட்ட சிங்கிள்-ஏ அணி, செப்டம்பர் 15இல் மேஜர் லீக், அக்டோபரில் உலகத் தொடர் என்ற இறுதிச் சுற்று. ஐந்தாவது மாட்ச், லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸின் சொந்த மைதானம், எதிரே நட்சத்திர பேட்டர் ஓடானி. 22 வயதுப் பையன் 7 இன்னிங்ஸ் வீசினான், 12 ஸ்ட்ரைக் அவுட், ஒரு வாக்கூட இல்லை. உலகத் தொடரில் புதுமுகம் ஒருவர் அத்தனை ஸ்ட்ரைக் அவுட் எடுத்தது அதுவே முதல் முறை. ரகசியம் கை வெளியே வரும் உயரத்தில் இருக்கிறது. பந்தை ஏறத்தாழ தலைக்கு நேர் மேலிருந்து விடுகிறார். பேட்டருக்கு ஃபாஸ்ட்பால் மேலேயே நிற்கிற மாதிரி தெரியும், அதே இடத்திலிருந்து கிளம்பும் ஸ்ப்ளிட்டர் கீழே சரிந்துவிடும். பிறகு ஏன் இரண்டாவது? வழக்கமான சீசனில் அவர் வீசியது மூன்றே மாட்ச், 14 இன்னிங்ஸ், அதில் 7 வாக். புதிய கோணம் பழகிப்போகும்போது என்ன ஆகிறது என்று முழு வருடம் பார்த்த பிறகு மேலே ஏற்றுகிறேன்.

மூன்றாவது சேஸ் பர்ன்ஸ். 2024 டிராஃப்டில் இரண்டாவது ஆள். முதல் மாட்சில் யாங்கீஸின் முதல் ஐந்து பேட்டர்களையும் வரிசையாக ஸ்ட்ரைக் அவுட். அடுத்த மாட்சில் பாஸ்டனுக்கு எதிராக ஒரே ஒரு அவுட் எடுப்பதற்குள் ஏழு ரன். இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஆள் புரிந்துவிடும். மொத்தம் 43 இன்னிங்ஸ் சொச்சத்தில் 67 ஸ்ட்ரைக் அவுட், அந்த விகிதம் பயமுறுத்துகிறது. ஆனால் கையில் இருப்பது பெரும்பாலும் ஃபாஸ்ட்பாலும் ஸ்லைடரும்தான். ஆகஸ்டில் முன்கைத் தசையில் இழுப்பு வேறு.

நான்காவது மிசியோரோவ்ஸ்கி. மனசு கேட்டால் இவரைத்தான் முதலில் வைப்பேன். ஆறடி ஏழு அங்குலம், காலை எட்டி வைத்துப் பந்தை விடும்போது பிட்சர் மேட்டின் பலகையிலிருந்து ஏழு அடிக்கு மேல் முன்னால் வந்திருப்பார். பிட்சர் நிற்கும் தூரம் அறுபதடி ஆறு அங்குலம் என்பது அவருக்குப் பெயரளவில்தான். 100 மைல் பந்து அவ்வளவு கிட்டத்திலிருந்து வந்தால் பேட்டர் பாவம் என்ன செய்வார்? முதல் இரண்டு மாட்சிலும் சேர்த்து 11 இன்னிங்ஸ் வரை ஒருவரும் இவரை அடிக்கவில்லை. ஐந்தே மாட்ச் ஆடிய நிலையில் லீகின் சிறந்தவர்கள் ஆடும் ஆல்-ஸ்டார் அணியில் சேர்த்தார்கள், வருடக்கணக்காகக் காத்திருந்தவர்கள் கொந்தளித்தார்கள், அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது. ஏனென்றால் முதல் மாட்சிலேயே, அடி வாங்காத அந்த 5 இன்னிங்ஸில், 4 வாக். நீளமான கையும் காலும் உள்ளவர்களுக்கு ஒவ்வொரு பந்தும் ஒரே மாதிரி வருவது கஷ்டம். கைகால் ஒரு தாளத்துக்கு வர 26, 27 வயதாகும். வந்துவிட்டால் நான் எழுதிய வரிசையை நானே கிழித்துவிடுவேன்.

ஐந்தாவது ரோகி சசாகி. இவரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லவேண்டும். ஜப்பானின் இவாத்தே மாநிலத்தில் ரிகுசென்தகாத்தா என்ற கடலோர ஊர். 2011 சுனாமியில் அப்பாவையும் தாத்தா பாட்டியையும் இழந்தபோது இவருக்கு வயது ஒன்பது. பள்ளிக்கூட வயதிலேயே மணிக்கு 163 கிலோமீட்டர் வீசினார். 2019 கோடையில் மாநிலப் போட்டியில் ஒரு மாட்சில் மட்டும் 12 இன்னிங்ஸ், 194 பந்து. அரையிறுதியில் 129. ஜெயித்தால் நாடே பார்க்கும் கோஷியன் போட்டிக்குப் போகலாம் என்ற இறுதி மாட்சில் கோச் இவரை இறக்கவில்லை. கை போய்விடும் என்றார். அணி 12-2 என்று தோற்றது. பள்ளிக்கு வசைமாரி. அந்த கோச் செய்தது சரியா தப்பா என்று ஜப்பானில் வாதம் மாதக்கணக்கில் நடந்தது. என்னைக் கேட்டால் சரி. பதினேழு வயதுப் பையனின் முழங்கை ஊர்ச்சொத்து அல்ல.

அவரை எடுத்த ஜப்பான் லீக் அணி லோட்டே மரீன்ஸும் அதே பொறுமையைக் காட்டியது. முதல் வருடம் ஒரு மாட்சிலும் இறக்காமல் பயிற்சி மட்டும். 2022 ஏப்ரல் 10, பதினெட்டு வயது கேட்சரை வைத்துக்கொண்டு இருபது வயது சசாகி பெர்ஃபெக்ட் கேம் வீசினார்: 27 பேர் வந்தார்கள், 27 பேரும் அவுட், 19 ஸ்ட்ரைக் அவுட், அதில் 13 தொடர்ச்சியாக. ஒரு வாரம் கழித்து அடுத்த மாட்சிலும் 8 இன்னிங்ஸ் ஒருவரும் பேஸைத் தொடவில்லை. 102 பந்து ஆகிவிட்டதென்று மேனேஜர் எடுத்துவிட்டார். இத்தனை பொத்திப் பொத்தி வளர்த்தும் ஜப்பானில் எந்த வருடமும் 130 இன்னிங்ஸைத் தொட்டதில்லை. 2025இல் டாட்ஜர்ஸுக்கு வந்தார், 8 மாட்சில் 4.72, தோள்பட்டைக் கோளாறு, மாதக்கணக்கில் ஓய்வு. ஃபாஸ்ட்பால் பழைய வேகத்தில் இல்லை, வருவதும் நேராக வருகிறது, அமெரிக்க பேட்டர்கள் அதற்குக் காத்திருந்தார்கள். ஸ்ப்ளிட்டர் மட்டும் அப்படியே அற்புதம்.

இரண்டு பந்து உள்ளவர் எங்கே போவார் என்று மேலே சொன்னேன் அல்லவா? அக்டோபரில் புல்பென்னிலிருந்து வந்து அவரே டாட்ஜர்ஸின் கடைசி இன்னிங்ஸ் ஆள் ஆகிவிட்டார். ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிரான பிளேஆஃப் தொடரின் நான்காவது மாட்சில் எட்டு, ஒன்பது, பத்து என்று மூன்று இன்னிங்ஸ், ஒன்பது பேரும் அவுட். அந்த வேலைக்கு வரிசை கேட்டால் இந்தப் பட்டியலில் இவர் முதல் ஆள். ஸ்டார்ட்டராக என்று கேட்டதால்தான் ஐந்து.

ஆண்ட்ரூ பெயின்டரைக் கடைசியில் வைப்பது வருத்தமாக இருக்கிறது. 2022இல் 19 வயதில் மைனர் லீக்கில் 1.56 இஆர்ஏ, 155 ஸ்ட்ரைக் அவுட். அன்று இதே கேள்வியைக் கேட்டிருந்தால் இவரை முதலில் எழுதியிருப்பேன். 2023 ஜூலையில் டாமி ஜான் அறுவை. 2025இல் மேஜர் லீகுக்கு ஒரு படி கீழான டிரிபிள்-ஏவில் இஆர்ஏ 5க்கு மேல். வேகம் திரும்பிவிட்டது, மூலை திரும்பவில்லை. அறுவைக்குப் பின் பெரும்பாலும் அந்த வரிசையில்தான் வரும், ஆகவே கைவிடவும் இல்லை.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. 2024, 2025 இரண்டு வருடமும் மேஜர் லீகின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகின் சை யங் வாங்கிய டாரிக் ஸ்கூபல் டிராஃப்டில் ஒன்பதாம் சுற்று. அதற்கு முன் இரண்டு சை யங் வாங்கிய ஜேக்கப் டிக்ராமும் ஒன்பதாம் சுற்று, கல்லூரியில் பெரும்பாலும் ஷார்ட்ஸ்டாப் என்ற ஃபீல்டராக ஆடியவர். நீங்கள் கேட்ட ஏழு பேரில் இல்லாத யாரோ ஒருவன் இப்போது ஏதோ பஸ்ஸில் மைனர் லீக் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருப்பான். அவன் பெயர் தெரிந்தால் எனக்கும் சொல்லுங்கள்.

அதுவரை ஏப்ரலில் மிசியோரோவ்ஸ்கி ஆடும் முதல் மூன்று மாட்சை மட்டும் பாருங்கள். கேட்சர் கையுறை நின்ற இடத்தில் நிற்கிறதா என்று கவனியுங்கள், வாக்கை எண்ணுங்கள். மூன்று மாட்சுக்கும் சேர்த்து ஐந்துக்குள் இருந்தால் அவரை பர்ன்ஸுக்கு மேலே ஏற்றிவிட்டு இந்தப் பதிலைத் திருத்திவிடுகிறேன்.